மலையாகாத சுண்ணாம்பு

பெருநாள் நெருங்கினால் கரையாம்புத்தூரில் எம் இல்லத்துச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது பாட்டனார் காலந்தொட்டு வரும் வழக்கம். சென்ற ஆண்டு அவ்வேலை நடக்கையில், பிரான்சு நாட்டு மார்செய் நகரில் வாழும் எம் இளைய மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். நீலக் கடலின் விளிம்பில் வெள்ளை வெளேரென நிமிர்ந்து நின்றன மலைகள். "சாச்சா ஊரில் இவ்வளவு பெரிய மலை! நம் ஊரில் ஒரு குன்றுகூட இல்லையே!" என்றான் பேரன். அவன் குரலில் இருந்த தாழ்வு எம்மைத் தைத்தது.

சுண்ணாம்புத் தொட்டியைக் காட்டி, "அம்மலையும் இதே பொருள்தான்" என்றோம்.

சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்தது வெதுவெதுப்பான, ஆழமற்ற கடல். அதில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து இறுகிப் பாறையாயின. பின்னர் ஆப்பிரிக்க நிலப்பரப்பு வடக்கே நெருங்க, ஸ்பெயின் அடங்கிய நிலம் ஐரோப்பாவின்மீது அழுந்தியது. தள்ளப்பட்ட பாய் மடிவதுபோல் கடலடிப் பாறை மடிந்து எழுந்தது. மார்செய்க்குக் கிழக்கே லெ பொஸ்ஸேயில் பழைய பாறை புதிய பாறையின்மேல் ஏறிக் கிடக்கும் விந்தையை 1887-இல் மார்செல் பெர்த்ரான் என்னும் அறிஞர் விளக்கினார். அழுத்தம் அத்தகையது!

நம் பக்கத்துக் கதை என்ன? எம் ஊர் மண் பெண்ணையாற்று வண்டல். ஆனால் புதுவைக்கு வடமேற்கே வழுதாவூர்ப் பகுதியில் கடல் ஈன்ற சுண்ணாம்புப் பாறை உண்டு. பண்டைப் பெருநிலத்திலிருந்து இந்தியா பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் தாழ, கடல் உள்ளே புகுந்தது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த சிப்பிகளையும் சுருள் ஓட்டு உயிர்களையும், கே, கன்லிஃப் என்னும் இருவர் திரட்ட, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார்.

அப்பாறை ஏன் மலையாகவில்லை? இக்கரையை எதிர்த்து எந்த நிலமும் வந்து மோதவில்லை. கடல் அகன்றுகொண்டே போயிற்று. பின்னாளில் இந்தியா ஆசியாவோடு முட்டியது வடக்கே, தன் நெற்றியால். இமயம் எழுந்தது, எவரெஸ்டின் உச்சியிலும் கடற்சுண்ணாம்பே இருக்கிறது. நாம் வாழ்வதோ விலாப்புறம். இங்கே படிந்தவை மடியாமல், கடலை நோக்கி மெல்லச் சாய்ந்து கிடக்கின்றன.

இதைச் சொல்லி முடிக்கையில் எமக்கு நாணம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது, வழுதாவூர்ப் பக்கத்துக் கல்லென்று வண்டிக்காரர் கொணர்ந்து இறக்கினார். ஆட்டுக்கடாக் கொம்புபோல் சுருண்ட வடிவம் பதிந்த ஒரு கல்லைக் கொத்தனார் எடுத்துக் காட்டினார். "கல்தானே, உடைத்துப் போடுங்கள்" என்றோம். அது எம் வாசற்படியின் கீழ் துண்டுகளாய்க் கிடக்கிறது.

பேரனிடம் அதையும் மறைக்கவில்லை. மறுவாரம் அவனுடன் வழுதாவூர் சென்றோம். வரப்போரத்துக் கல்லொன்றில் விரல் நகமளவு சிப்பியைக் கண்டு, அருகில் அமர்ந்து நெடுநேரம் பார்த்தான். எடுத்துக்கொள்ளச் சொன்னோம், மறுத்துவிட்டான். படம் மட்டும் பிடித்துச் சாச்சாவுக்கு அனுப்பினான். கீழே இவ்வாறு எழுதியிருந்தான்: "எங்கள் மலை படுத்திருக்கிறது."