தீர் நகரின் சாயம்

எசேக்கியேல் நூலின் 27ஆம் அதிகாரம் ஒரு வணிகப் பேரேட்டைப் போன்றது. தீர் நகரத்துச் சந்தைக்கு எந்நாட்டிலிருந்து வெள்ளி வந்தது, எங்கிருந்து குதிரைகள் வந்தன என்று இறைவாக்கினர் வரிசையாக எழுதிச் செல்கிறார். திருப்பூர்ச் சாயப்பட்டறையொன்றில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். ஆதலால் அதனை வாசிக்குந்தோறும் என் பழைய பேரேடே கண்முன் விரிகிறது.

தீர் நகரும் சாயத்தால் செழித்த ஊர்தான். கடல் நத்தைகளிலிருந்து அங்கே எடுக்கப்பட்ட ஊதாச் சாயம் அரசர்களின் ஆடைகளுக்கு நிறமூட்டியது. அந்நகரின் வீழ்ச்சிக்கு எசேக்கியேல் கூறும் காரணம் வறுமையன்று. வாணிகம் பெருகியதால் விளைந்த செருக்கும், அதனுடன் புகுந்த கொடுமையுமே. கி.மு. 332இல் ஏழு மாத முற்றுகைக்குப் பின் அலெக்சாந்தர் அதனைக் கைப்பற்றினார்.

எங்கள் ஊரின் நடுவே நொய்யல் ஓடுகிறது. பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அதன் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாயிற்று.

எங்கள் பட்டறையில் சுத்திகரிப்பு இயந்திரம் இருந்தது. அது முறையாக இயங்கினால் மின்கட்டணம் எவ்வளவு வரவேண்டும் என்பதை நான் அறிவேன். வந்த தொகையோ மிகக் குறைவு. மழை பெய்த இரவுகளில் கழிவுநீர் எங்கே போயிற்று என்பதும் தெரியும். மாதந்தோறும் அத்தொகையைப் பதிந்தேன். ஒருமுறையேனும் வாய் திறந்து கேட்டதில்லை. என் மகளின் படிப்பும் சொந்த வீடும் அந்த மௌனத்தின் மீது எழுந்தவை. தவக்காலந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபத்தைச் சொன்னேன், தவறவிட்ட ஞாயிறு திருப்பலிகளைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று எண்ணியதுமில்லை; அது பாவமென்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒருமுறை அணைக்குக் கீழேயுள்ள சிற்றூருக்கு உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றேன். குடிப்பதற்கு லாரியில் நீர் வந்திருந்தது. "எங்க கெணத்துத் தண்ணிய மாடுங்கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுங்க, மாப்ளே" என்றார் வீட்டுப் பெரியவர். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதை அவர் அறிவார்.

அன்றிரவு எசேக்கியேலின் 16ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். சோதோம் என்றதும் வேறு பாவத்தையே நினைத்து வந்தவன் நான். இறைவாக்கினரோ செருக்கையும், நிறைந்த உணவையும், கவலையற்ற வாழ்வையும், அவற்றினிடையே எளியவனுக்குக் கைகொடாமையையுமே அந்நகரின் குற்றமாகக் காட்டுகிறார். பெருங்கொடுமை எதுவும் செய்யாமல், வயிறார உண்டு உறங்கியே ஒரு நகரம் கெட்டுப்போகலாம்!

ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் கெடு விதித்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். கண்டும் காணாதிருந்த எங்களுக்குச் சேமிப்பு இருந்தது. அன்றாடக் கூலிக்கு வந்த ஏழையே முதலில் பசித்திருந்தான். பின்னர் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறிய பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நினிவே மக்கள் யோனாவின் சொல் கேட்டே மனம் திரும்பினர். எங்களுக்கோ நீதிமன்றத்தின் ஆணை தேவைப்பட்டது.

அந்த ஆண்டுத் தவக்காலத்தில் மின்கட்டணக் கணக்கைக் குருவானவரிடம் சொன்னேன். ஆண்டவரின் மன்னிப்பைப் பெற்றேன். அந்தப் பெரியவரிடம் இன்னும் கேட்கவில்லை.