வெளியூர் போலீஸ்

பொட்டிப்புரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம். நியூட்ரினோ ஆய்வகம் பற்றி இருக்கும் என்று பிரித்தேன். இல்லை. தம்பிக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எம்.எல். வகை. 'கீமோவுல நோய் அடங்கிடுச்சுங்கிறாங்க. அப்புறம் எதுக்கு சார் அடுத்தவங்க எலும்பு மஜ்ஜை? எங்க அக்காவுக்குத்தான் பொருந்துது. குடுத்தா இடுப்பு போயிடும்னு அவங்க வீட்டுல பயப்படுறாங்க.'

நியாயமான கேள்வி, நியாயமான பயம்.

ரத்தம் உற்பத்தியாவது எலும்பு மஜ்ஜையில். ஏ.எம்.எல்.லில் சில வெள்ளை அணுக்கள் முதிராமலே கன்னாபின்னாவென்று பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும். உடம்பின் போலீஸான டி செல்கள் ஏன் பிடிப்பதில்லை? இவை வெளியிலிருந்து வந்த கிருமிகள் அல்ல, உள்ளூர்ப் பையன்கள். பழகிய முகம். போலீஸை மந்தமாக்கும் வித்தையும் தெரியும். கீமோவுக்குத் தப்பிப் பதுங்கிய சில, பிறகு தலைதூக்கும்.

ஊரில் கலவரம் என்றால் வெளிமாவட்ட போலீஸை இறக்குவார்கள் இல்லையா? மஜ்ஜை மாற்று அதுதான். அக்காவின் ஸ்டெம் செல்கள் தம்பியின் எலும்புக்குள் குடியேறி, புது ரத்தத்தோடு புது போலீஸையும் உருவாக்கும். அதற்கு உள்ளூர் தாட்சண்யம் கிடையாது. பதுங்கியதைத் தேடிப் பிடிக்கும். உருவொத்த இரட்டையரிடம் மஜ்ஜை வாங்கியவர்களுக்கு நோய் அதிகம் திரும்புகிறது என்று கண்டிருக்கிறார்கள். ரொம்பப் பொருந்தினால் அதுவும் உள்ளூர் போலீஸ்தானே!

ஆபத்தும் இதில்தான். வெளியூர் போலீஸ் தோல், குடல், கல்லீரல் என்று அப்பாவிகளையும் அடிக்கும். மருந்து கொடுத்து அடக்க வேண்டும். ரொம்ப அடக்கினால் நோய் திரும்பலாம். டாக்டரின் சாமர்த்தியம் இரண்டுக்கும் நடுவில்.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. ஏ.எம்.எல்.லின் ஏ.பி.எல். என்ற பிரிவில் பலரை ஆர்சனிக்கே, அதாவது நம் பாஷாணமே, குணப்படுத்தும் என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் காட்டியிருக்கிறார்கள். 1983-ல் மும்பை டாடா மெமோரியலில் டாக்டர் சுரேஷ் அத்வானி செய்த இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று, ஏ.எம்.எல். வந்த 9 வயதுச் சிறுமிக்கு. கொடுத்தது அவள் சகோதரன்.

அக்கா வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மஜ்ஜை வேறு, முதுகுத் தண்டுவடம் வேறு. பெரும்பாலும் இப்போது இடுப்பைத் தொடுவதே இல்லை. சில நாள் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கை நரம்பு வழியாகப் பிரித்தெடுக்கிறார்கள். சில மணி நேர வேலை. உடம்புவலி, தலைவலி வந்து போகும். கொடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும். இடுப்பெலும்பிலிருந்து எடுத்தாலும் மயக்க மருந்து உண்டு. சந்தேகம் இருந்தால் அந்த அக்காவே டாக்டரிடம் நேரில் கேட்கட்டும்.

கூடப்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகிவிட்ட காலத்தில் அந்த நாலுக்கு எங்கே போவது? பெற்றோரின் பாதிப் பொருத்தத்தை வைத்தும் இன்று செய்கிறார்கள். அதுவும் கூடாதவர்கள் முகம் தெரியாத ஒருவரை நம்பியிருக்கிறார்கள். அதற்காகவே 2009-ல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஆரோக்கியமான இளவட்டம் இருந்தால் அனுப்பி வையுங்கள். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் ஒரு தடவு. ஊசிகூட இல்லை.