கடலோர வணிகர்களும் வெளியே நிற்கும் மக்களும்

(சற்றே நீண்ட பதிவு. வகுப்பறையில் தொடங்கி முடியாமல் போன ஓர் உரையாடலின் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். நேரமிருக்கும்போது வாசியுங்கள்.)

ஹைதியின் கிரியோல் மொழியில் 'பிளான்' என்றொரு சொல் உண்டு. பிரெஞ்சில் 'வெள்ளை' என்று பொருள்படும் சொல்லின் வழிவந்தது. கிரியோலில் அது தோலின் நிறத்தைத் தாண்டி, 'அந்நியர்' என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. கறுப்பின அமெரிக்கர் ஒருவர் போர்ட்-ஓ-பிரின்ஸ் வீதியில் இறங்கினாலும் 'பிளான்' என்றே அழைக்கப்படலாம். மாறாக, ஒரு காலத்தில் அடிமைகளைக் குறித்த 'நெக்' என்ற சொல் இன்று 'ஆள்', 'மனிதன்' என்ற பொதுப்பொருளில் வழங்குகிறது. அடிமைகள் தாமே போரிட்டு வென்று அமைத்த நாட்டில், மனிதன் என்பதற்கான சொல் அவர்களுடைய பெயரிலிருந்தே பிறந்திருக்கிறது.

முதுகலையில் மொழியியல் பயின்றபோது பொருள் மாற்றத்திற்கான எடுத்துக்காட்டுகளாக இவ்விரு சொற்களும் எனக்கு அறிமுகமாயின. இப்போது ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கிரியோல் சொற்களைத் தொகுக்கும்போது, மூன்றாவதாக ஒரு சொல் குறுக்கிட்டது: 'சிரியென்'. சிரியர் என்பதே நேர்ப்பொருள். லெபனானிலிருந்து வந்தவரும், பாலஸ்தீனத்திலிருந்து வந்தவரும், அங்கேயே பிறந்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இந்த ஒரே சொல்லுக்குள் அடக்கப்படுகின்றனர். ஒரு நாட்டின் பெயர் எப்படி ஒரு வணிக வர்க்கத்தின் பெயராயிற்று என்று தேடப்போய், சொல்லகராதியை விட்டுச் சுங்கச்சாவடிக்கு வந்து சேர்ந்தேன்.

சுருக்கமாக வரலாறு. 1804இல் விடுதலை பெற்ற ஹைதி, 1805ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் வெள்ளையர் எவரும் எசமானராகவோ உடைமையாளராகவோ அந்த மண்ணில் கால்வைக்கக் கூடாது என்று விதித்தது. மீண்டும் அடிமைத்தனம் திரும்பிவிடக் கூடாது என்ற அச்சத்தில் எழுந்த விதி அது. சொற்கள் பின்னர் மாறினாலும், அந்நியருக்கு நிலவுடைமை இல்லை என்ற கொள்கை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. நிலம் காக்கப்பட்டது, துறைமுகம் காக்கப்படவில்லை. 1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, விடுதலையை ஏற்பதற்கு விலையாக 15 கோடி பிராங்க் கேட்டார். 1838இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்ட வாங்கிய கடன்களின் சங்கிலி 1947 வரை நீண்டது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள், தம் முன்னோரை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கட்டினார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? காப்பியிலிருந்து. மலைச்சரிவில் சிறுநிலம் வைத்திருந்த குடியானவர் விளைவித்த காப்பி, இடைத்தரகர் வழியாகத் துறைமுகத்து ஏற்றுமதி வணிகரிடம் சென்றது. அரசு ஏற்றுமதி வரி விதித்தது. வணிகர் அந்த வரியைக் கொள்முதல் விலையில் கழித்துக்கொண்டார். ஆகவே வரியைச் செலுத்தியவர், வரிச்சீட்டையே பார்த்திராத குடியானவர். இறக்குமதித் துணிக்கும் மாவுக்கும் அவரே மறுபடியும் வரி கட்டினார். அரசும் துறைமுக வணிகரும் கிராமத்தின் உழைப்பைப் பங்கிட்டுக்கொண்ட இந்த ஏற்பாட்டைத்தான் மானுடவியலாளர் மிஷேல்-ரோல்ஃப் துருயோ 1990இல் வெளிவந்த தம் நூலில் தேசத்துக்கு எதிரான அரசு என்று பெயரிட்டு விளக்கினார்.

துறைமுகத்து வணிக வட்டாரத்துக்குக் கிரியோலில் 'போத்மே' என்று பெயர். கடலோரம் என்று பொருள். அங்கிருந்தவர்கள் காலந்தோறும் மாறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியர் மேலோங்கினர். உள்ளூர்ச் செல்வக் குடும்பங்களில் பெண்ணெடுத்து நிலத்தடையையும் கடந்தனர். 1910 வாக்கில் ஏறத்தாழ 200 பேரே இருந்த அச்சமூகம் நாட்டின் வெளிநாட்டு வாணிகத்தில் 80 விழுக்காட்டைக் கையாண்டதாக அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. அவர்களுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதை 1897 காட்டியது. ஜெர்மானியத் தந்தைக்கும் ஹைதியத் தாய்க்கும் பிறந்த லூடர்ஸ் என்பவர் அடிதடி வழக்கில் தண்டிக்கப்பட்டார். இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் தலைநகரின் முன் வந்து நின்று 20,000 டாலர் இழப்பீடும் மன்னிப்பும் கேட்டன, அரசு பணிந்தது. கடலில் கப்பல் நிற்கும்வரை, கரையில் நிற்கும் வணிகரை எந்தச் சட்டமும் தொட முடியாது என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

ஒட்டோமான் பேரரசின் லெவண்ட் பகுதியிலிருந்து 1890களில் வரத்தொடங்கியவர்கள் வேறு வகையினர். பெரும்பாலோர் கிறித்தவர்கள், முதுகில் மூட்டை சுமந்து மலைக்கிராமங்கள்வரை துணியும் ஊசிநூலும் விற்றவர்கள். மலிவான அமெரிக்கச் சரக்கை இறக்கிச் சில்லறையாக விற்றதால் உள்ளூர் வணிகரும் ஐரோப்பிய வணிகரும் ஒருசேர அவர்களை வெறுத்தனர். 1903இல் அவர்களுடைய குடியேற்றத்தையும் வாணிகத்தையும் கட்டுப்படுத்தும் சட்டமே இயற்றப்பட்டது. கடைகள் தாக்கப்பட்டன, பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1915இல் அமெரிக்கப் படை நாட்டைக் கைப்பற்றியது. 1918இல் அதன் மேற்பார்வையில் வந்த புதிய அரசியலமைப்பு, அந்நியர் நிலம் வாங்குவதற்கு இருந்த தடையை நீக்கியது. 19 ஆண்டு நீடித்த அந்த ஆக்கிரமிப்பின் நிழலில் மூட்டை சுமந்தவர்களின் மக்கள் கடலோரத்தில் வேரூன்றினர்.

இந்தப் பகுதியை ஆய்வரங்கில் எடுத்துரைத்தபோது ஒரு மாணவர் கேட்டார்: "அப்படியானால் அந்தச் சில குடும்பங்களை வெளியேற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?" கேள்வியில் குரோதம் இல்லை, நேர்மையான கேள்வி. அதற்கு விடை சொல்லப் போதிய நேரம் அங்கே இருக்கவில்லை. எனக்கு அது ஏட்டுக் கேள்வியும் அன்று.

என் தாத்தா 1950களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்குச் சென்று மளிகைக்கடை வைத்தவர். முதலீடென்று கையில் எதுவும் இல்லை; ஊர்க்காரர் ஒருவர் கடனுக்குச் சரக்குக் கொடுத்தார். வெளியூரில் வங்கி நம்பாதவனை ஊர்க்காரன் நம்புவான். சிறுபான்மை வணிகர்களின் வலிமை பெரும்பாலும் இந்த நம்பிக்கைக் கடனில்தான் இருக்கிறது என்பதைச் சமூகவியலாளர் எட்னா பொனாசிச் 1973இல் எழுதிய கட்டுரையில் படித்தபோது, எனக்கு ஆச்சியின் பேச்சே காதில் விழுந்தது. அறுபதுகளின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிரான கூச்சல் எழுந்த நாளில், தாத்தா தமிழில் எழுதிய பெயர்ப்பலகையை இறக்கி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாராம். அது மறுபடி ஏறவேயில்லை. ஆகவே 'அந்நியர்' என்ற சொல்லால் சுட்டப்படும் வணிகரின் அச்சம் எனக்கு வீட்டுச் செய்தி. அதே கடையில் ஊரிலிருந்து கூட்டிவந்த பையன் ஒருவன் விடியற்காலை முதல் நள்ளிரவுவரை உழைத்து, இரவில் பலகைமேல் படுத்தான். அவனுக்கு மாதச் சம்பளமென்று ஒன்று பல ஆண்டுகள் இல்லை என்பதையும் ஆச்சிதான் சொன்னாள். அஞ்சி வாழ்பவர் பிறரைச் சுரண்டவும் கூடும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு மனமில்லை.

ஆனால் ஹைதியின் கடலோரத்தை என் தாத்தாவின் கடையோடு நிறுத்துவது நியாயமாகாது. தாத்தாவுக்குச் சுங்கவரியைத் தீர்மானிக்கும் அமைச்சரைத் தெரியாது; அவருக்கென்று ஒரு துறைமுக மேடையும் கிடையாது. ஹைதியில் சில குடும்பங்களுக்கு இவையெல்லாம் வாய்த்தன. மக்கள் அதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆறு வணிகக் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் 'பாம் பாம்' என்று வரும். கிரியோலில் 'எனக்குக் கொடு, எனக்குக் கொடு' என்று பொருள்.

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். வெளியேற்றும் முயற்சி ஹைதியில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் கடைக்காரரைத் தொட்டது. காப்பிமீதிருந்த வரியைத் தொடவில்லை. 1957இல் ஃபிரான்சுவா துவாலியே, கலப்பின மேட்டுக்குடிக்கு எதிராகக் கறுப்புப் பெரும்பான்மையின் பெயரால் ஆட்சிக்கு வந்தார். புகையிலை வாரியம் என்ற அரசு நிறுவனம் வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியே அவருடைய சொந்தக் கருவூலமாக மாறியது. வணிகர்கள் பணிந்து கப்பம் கட்டினர், சலுகை பெற்றனர். 1980இல் அவருடைய மகன் ஜான்-குளோத் ஒரு கலப்பின வணிகரின் மகளை மணந்தபோது, நிறத்தின் பெயரால் தொடங்கிய ஆட்சி எங்கே வந்து நின்றதென்று ஊருக்கே தெரிந்தது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1844ஆம் ஆண்டின் குடியானவர் கிளர்ச்சித் தலைவர் அக்காவோவின் பெயரால் வழங்கும் பழமொழி ஒன்று இதைச் சொல்லிவிட்டது: பணமிருந்தால் கறுப்பரும் கலப்பினத்தவர், பணமில்லாவிட்டால் கலப்பினத்தவரும் கறுப்பர்.

ஏற்றத்தாழ்வு எதனால் நிலைக்கிறது என்று பார்த்தால், ஆளின் பூர்வீகத்தைவிட ஏற்பாடுகளே கண்ணில் படுகின்றன. 1995இல் அரிசி இறக்குமதி வரி 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கின் நெல் விவசாயி நொடித்தார். அமெரிக்க அரிசி 'மயாமி அரிசி' என்ற பெயரில் சந்தையை நிறைத்தது. இறக்குமதியாளருக்கு அது ஆதாயம். தம் ஆட்சிக்காலத்தின் இக்கொள்கைக்காக 2010இல் பில் கிளிண்டன் அமெரிக்க செனட் குழுவின் முன் வருந்தினார். 2009இல் நாளொன்றுக்கு 200 கூர்டு குறைந்தபட்சக் கூலியை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆலை முதலாளிகளின் எதிர்ப்புக்குப் பின் ஏற்றுமதி ஆடைத் தொழிலாளருக்கு அது 125 கூர்டாயிற்று. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தனர்.

மொழியும் ஒரு சுங்கச்சாவடியே. மக்கள் அனைவரும் பேசுவது கிரியோல். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதைப் பிரெஞ்சுக்கு நிகரான ஆட்சிமொழியாக்கியது. ஆயினும் ஒப்பந்தமும் வழக்காடலும் பெரும்பாலும் சிறுபான்மையினர் மட்டுமே அறிந்த பிரெஞ்சில்தான். நாட்டின் விளைபொருளைத் தலைச்சுமையாகவும் லாரியிலும் நகரத்துக்குக் கொண்டுவரும் பெண் வணிகர்களை 'மதான் சாரா' என்பார்கள். இரை தேடி ஓயாமல் பறந்து இரைச்சலிடும் ஒரு பறவையின் பெயர் அது. உணவு விநியோகத்தையே தாங்கிநிற்கும் இப்பெண்களில் பெரும்பாலோருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. கிராமத்தாரைக் கிரியோலில் 'மூன் ஆந்தேயோ' என்கிறார்கள்: வெளியே இருக்கும் மக்கள். கடல் கடந்து வந்தவர் உள்ளே இருக்கிறார். அந்த மண்ணில் பிறந்து உழுபவர் 'வெளியே' இருக்கிறார். என் ஆய்வின் மையக்கேள்வி இந்த இரு சொற்களுக்கு இடையிலேயே கிடக்கிறது.

2022இல் ஆயுதக் குழுவொன்று தலைநகரின் வரே எரிபொருள் முனையத்தை வாரக்கணக்கில் மறித்தபோது மருத்துவமனைகள் முடங்கின. ஒரு நாட்டின் எரிபொருளில் பெரும்பகுதி ஒரே தனியார் வாயில் வழியே வருவது எவ்வளவு ஆபத்தானது என்பது வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆயுதக் குழுக்களுக்கு உதவுவதாகக் குற்றஞ்சாட்டி மூன்று பெருவணிகர்கள்மீது கனடா தடைவிதித்தது. குற்றச்சாட்டு மெய்ப்பட்டால் தண்டனை வரட்டும். ஆனால் வாயில் ஒன்றாகவே இருக்கும்வரை, அதன் சாவி யாரிடம் போனாலும் வெளியே நிற்பவர் வெளியேதான் நிற்பார்.

ஆகவே அந்த மாணவருக்கு என் விடை இது: பேரேட்டில் குடும்பப் பெயரைத் தேடுவதற்கு முன், இறக்குமதி உரிமம் யாரிடம், வரிவிலக்கு யாருக்கு, துறைமுக மேடை யாருடையது, ஒப்பந்தம் எந்த மொழியில் என்று நான்கு பத்திகள் போடுங்கள். அவற்றை நிரப்பிய பிறகும் குடும்பப் பெயர்கள் வரும். அப்போது அவை வெறுப்புக்குரிய இனப்பெயர்களாக வராமல், பதில் சொல்ல வேண்டிய உடைமையாளர்களின் பெயர்களாக வரும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் குஜராத்தி வணிகர், பர்மாவின் செட்டியார், மேற்கு ஆப்பிரிக்காவின் லெபனானியர் பற்றி ஆய்பவர்கள் இக்குழாமில் இருக்கிறீர்கள். உங்கள் களத்தில் இந்த நான்கு பத்திகளும் எப்படி நிரம்புகின்றன என்று எழுதுங்கள். மாறுபட்டால் அதையும் எழுதுங்கள். மூன்றாம் இயலை இன்னும் முடிக்கவில்லை.