அக்காட சைக்கிள்

லோரன்ஸில, வெக்ஸ்போர்ட் பக்கம், 54 பஸ்ஸுக்கு நிக்கிறன். மெசேஜ்.
"அண்ணா, கோட் அனுப்பிட்டன். ஒருக்கா பாருங்கோ."

வாட்டர்லூ கோ-ஆப் பெடியன். நாலு மாசத்துக்குத்தான் வந்தவன்.
போன திங்கள் "ரஸ்டா? தொட்டதே இல்லை" எண்டவன்.
2015இல ரஸ்ட் எண்ட புரோகிராமிங் மொழியின்ர 1.0 வரேக்க பென்சில் கூராக்கிக்கொண்டு இருந்திருப்பான்.

ரஸ்டில ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரன், மற்றவைக்கு இரவல்தான்.
இது என்ர மண்டைக்க ஏற மூண்டு மாசம்.
அவனுக்கு மூண்டு நாள்.

எப்பிடியடா?
"அக்காட சைக்கிள் மாதிரி அண்ணா. ஓடலாம், விக்கேலாது."

பஸ்ஸில ஏறிக் கோடைத் திறந்தன்.
கம்பைலர் கத்தின இடமெல்லாம் குளோன்!
இரவலே இல்லை. ஆளுக்கொரு புதுச் சைக்கிள்.

சிரிச்சன். பிறகு என்ர பழைய கோட் ஞாபகம் வந்திட்டுது.

இப்ப அவனுக்குச் சொல்லிக் குடுக்கிறதோ, முதல்ல என்ர குளோனுகளை ஒளிக்கிறதோ?