கொடுவாவைப் பற்றித் தம்பிக்கு

வானூர்,
கார்த்திகை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி தேவலை என்று மருமகள் சொன்னாள். இந்த மழையில் அவளை ஈரத் தரையில் உட்கார விடாதே. இங்கே எல்லோரும் நலம். கழுவெளிப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. முகத்துவாரம் திறந்திருக்கும், நீயும் கொடுவா வலையோடு அங்கேதான் இருப்பாய்.

நீ கேட்ட கேள்வி போனில் பேசித் தீராது என்றுதான் எழுதுகிறேன். "ஒரு சினைக் கொடுவா வயிற்றில் பல லட்சம் முட்டை. பத்து மீன் தப்பிச்சாலே கடல் நிறைஞ்சிடும். அப்புறம் வம்சம் எப்படிக்கா குறையும்?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. மீன் ஆராய்ச்சிக்காரர்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். பிடிக்கப் பிடிக்க எண்ணிக்கை குறையலாம், ஆனால் மரபணு வகைகள் அப்படியே இருக்கும், கடல் அவ்வளவு பெரியது என்று நினைத்தார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தது நியூசிலாந்தின் டாஸ்மன் விரிகுடா. அங்கே ஸ்னாப்பர் என்றொரு மீன், நம் சங்கராவைப் போலச் சிவப்பு, ஆனால் வேறு குடும்பம். அங்கிருந்தவர்கள் 1950 முதல் அந்த மீனின் செதில்களை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். வயது பார்ப்பதற்காகச் சேர்த்த செதில்கள் அவை. பிற்பாடு அந்தக் காய்ந்த செதில்களிலிருந்தே டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். கடலில் மீன் லட்சக்கணக்கில் இருந்தபோதே மரபணு வகைகள் ஆண்டுக்கு ஆண்டு கழிந்துகொண்டிருந்தன. மரபணுக் கணக்குப்படி அடுத்த தலைமுறைக்கு உண்மையில் வம்சம் கொடுத்தவை, இருந்த மீனில் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வந்தன.

எப்படி என்று கேட்பாய். ஒரு மீன் பல லட்சம் முட்டை இடுகிறது என்பதுதான் காரணமே. அத்தனையும் பிழைப்பதில்லை. எந்தத் தாயின் முட்டை நல்ல நீரோட்டத்தில் விழுந்து, இரை கிடைத்து, கழிக்குள் வந்து சேர்கிறதோ அந்தத் தாயின் பிள்ளைகள் மொத்தமாகத் தேறுகின்றன. மற்ற தாய்களின் முட்டை அத்தனையும் வீண். நம்மூரில் ஐந்நூறு தலைக்கட்டு இருக்கிறது, வரி வசூலும் சரியாக வருகிறது, ஆனால் விசாரித்தால் எல்லோரும் இரண்டே வீட்டுப் பங்காளிகள் என்றால் எப்படி இருக்கும்? தலை எண்ணினால் ஊர் பெரியது, பெண் கொடுத்து எடுக்க ஆளில்லை. ஏலக் கூடத்தில் கூடைகளை எண்ணுகிறவருக்கும் டன் கணக்கு எழுதுகிற அதிகாரிக்கும் இது கண்ணில் படாது. எடை சரியாகவே இருக்கும்.

இனி நம் கொடுவாவுக்கு வருகிறேன். அது முதலில் ஆணாக முதிர்கிறது, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிறது. உனக்கே தெரியும், சினை இருப்பது பெரிய மீனில்தான். பொதுவாக ஒன்றரை, இரண்டரைக் கிலோ அளவில் இருப்பவை பெரும்பாலும் ஆண்கள்; நாலு கிலோவைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை பெண்கள். (பாறைப் பக்கத்துக் களவா இதற்கு நேர்மாறு. அது பெண்ணாகத் தொடங்கி ஆணாகும்.) அப்படியானால் பெரிய கொடுவாவாகப் பார்த்துப் பிடிக்கும்போது தாய்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம். இரண்டு கிலோவிலேயே பிடித்துவிட்டால் தாயாவதற்குள் எடுத்துவிடுகிறோம். இரண்டு வழியிலும் பெண் குறைகிறது.

பெண் குறைந்தால் வம்சம் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும். ஐம்பது ஆண், ஐம்பது பெண் என்றால் விடை நூறு. நூறு மீனும் வம்சத்தில் கணக்காகிறது. தொண்ணூறு ஆண், பத்துப் பெண் என்றால் விடை முப்பத்தாறு. தொண்ணூற்றைந்துக்கு ஐந்து என்றால் பத்தொன்பது. கழியில் நூறு கொடுவா துள்ளுகிறது. வம்சக் கணக்கில் பத்தொன்பது. இந்தக் கணக்கை நான் முதன்முதலில் போட்டுப் பார்த்த ராத்திரி தூங்கவில்லை, தம்பி.

இன்னொரு சேதம் இருக்கிறது. வகைகள் தொலைவது ஒன்று. மீதி இருக்கும் வகைகளும் நாம் பிடிக்கும் விதத்துக்கு ஏற்ப மாறிப்போவது மற்றொன்று. அமெரிக்காவில் சில்வர்சைடு என்ற ஓராண்டே வாழும் சின்ன மீனைத் தொட்டியில் வளர்த்து ஒரு சோதனை செய்தார்கள். சில தொட்டிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய மீனாகப் பார்த்து நூற்றுக்குத் தொண்ணூறை எடுத்தார்கள், சில தொட்டிகளில் சின்னதாகப் பார்த்துத் தொண்ணூறை எடுத்தார்கள். நாலே தலைமுறை. சின்னதை எடுத்த தொட்டியில் கிடைத்த மொத்த எடை, பெரியதை எடுத்த தொட்டியில் கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதுவும் 2002-இல்தான் வெளிவந்தது. பிடிப்பதை நிறுத்திய பிறகு மீன் பழைய அளவுக்குத் திரும்பியதா என்றால், கொஞ்சம் திரும்பியது. முழுதாகத் திரும்பப் பன்னிரண்டு தலைமுறை வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். கெடுவதற்கு நாலைந்து, தேறுவதற்குப் பன்னிரண்டு. கொடுவா பெண்ணாவதற்கே பல வருடம் என்றால் அதற்குப் பன்னிரண்டு தலைமுறை எத்தனை காலம் என்று நீயே எண்ணிப் பார்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் ஒன்றுமில்லாமல் போய் 1992 ஜூலையில் மீன்பிடியையே நிறுத்தினார்களே, அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த மீன் சின்ன வயதிலேயே, சின்ன உடம்போடு முட்டையிடத் தொடங்கியிருந்தது. காத்திருந்து வளர்ந்து முட்டையிடும் வகை வலையில் போய்விட்டது, அவசரமாக முட்டையிடும் வகை மிஞ்சியது. சின்ன உடம்புத் தாயால் பெரிய தாயின் இடத்தை நிரப்ப முடியாது. இரண்டு கிலோ காட் இருபத்தெட்டு சேர்ந்து இடும் முட்டையைவிட, முப்பது கிலோத் தாய் ஒன்று இடும் முட்டை அதிகம்.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உன்னிடம் நியாயம் பேசியவள் ஆக மாட்டேன். நார்வேயில் 1907-இல் பிடித்த காட் மீன்களின் எச்சத்தையும் கனடாவின் பழைய எச்சங்களையும் இன்றைய மீன்களோடு ஒப்பிட்டு 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. அத்தனை பிடித்தும் மரபணு வகைகள் பெரிதாகக் குறையவில்லை என்பது அதன் முடிவு. நம் பக்கத்து மத்தியைப் பார். கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய நான்கு லட்சம் டன் பிடிபட்டது, 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன். அந்த வீழ்ச்சியில் கடல் சூட்டுக்கும் இரைக்கும் பெரிய பங்கு உண்டு, வலை மட்டும் காரணமில்லை. ஒரே வருடத்தில் முதிர்ந்து, நீண்ட கரை முழுக்கக் கலந்து திரியும் மீனுக்கு மீள இடமிருக்கிறது. ஆனால் 140 இனங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2014 ஆய்வில், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன்களிடம் மரபணு வகை குறைவு என்பதே பொதுப்போக்காக வந்தது. கொடுவா மத்தி மாதிரி இல்லை. ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக மாறப் பல வருடம் ஆகிறது, குஞ்சுப் பருவத்தில் ஒரு கழிமுகத்தை நம்பி வாழ்கிறது. நான் பயப்படுவது அதனால்தான்.

மரபணு வகை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஊர்க் கூட்டத்தில் யாராவது கேட்டால் கழுவெளியையே காட்டு. இந்த மாதம் அங்கே தண்ணீர் வாயில் வைத்தால் குடிநீர் மாதிரி. சித்திரை, வைகாசியில் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பு. ஒரே குஞ்சு இரண்டையும் தாங்கி வளர வேண்டும். சில குஞ்சுக்கு உப்பு தாங்கும், சிலதுக்குச் சூடு தாங்கும், சிலதுக்கு நோய் தாங்கும். எந்த வருடம் எது வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எல்லா வகையும் இருந்தால்தான் எந்த வருடத்திலும் ஏதாவது மிஞ்சும். வானூர், மரக்காணம் வட்டங்களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் சேர்த்து 2021-இல் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நாரைக்காகவும் வாத்துக்காகவும் அறிவித்த இடம். நம் கொடுவாவின் பிள்ளைகளும் அங்கேதான் வளர்கின்றன.

குஞ்சு வாங்கிக் கழியில் விட்டால் தீர்ந்தது என்று உன் சினேகிதர்கள் சொல்வதாகச் சொன்னாய். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முட்டுக்காட்டில்தான், உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1997-இல் கொடுவாவைப் பொரிக்க வைத்தார்கள். அது பெரிய சாதனை, குளத்தில் வளர்ப்பவர்களுக்கு வரம். ஆனால் பொரிப்பகத்துக் குஞ்சுகள் ஒரு சில தாய் தகப்பனுக்குப் பிறந்தவை. அவற்றை லட்சக்கணக்கில் கழியில் விட்டால் எண்ணிக்கை ஏறும், இயற்கையில் பிறந்த மீனின் வகைகளோ அந்தக் கூட்டத்தில் கரையும். அந்தக் குஞ்சின் தாய் எந்தக் கடலிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். கொடுவாவின் முழு மரபணுத் தொகுப்பை 2016-இல் வெளியிட்டபோது, இந்தியப் பக்கத்துக் கொடுவா ஒரு வகை, தென்கிழக்காசியாவில் ஒரு வகை, ஆஸ்திரேலியப் பக்கம் ஒரு வகை என்று தெளிவாகப் பிரிந்து தெரிந்தது. கழியில் விடுவதென்றால் நம் கடல் தாய்களின் குஞ்சாக, பல தாய்களின் குஞ்சாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

எட்டுக் கிலோ கொடுவா வலையில் விழுந்தால் விட்டுவிடு என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஒரு மீன் உனக்கு எத்தனை நாள் பாடு என்று தெரியும், மருமகளின் காலேஜ் பணமும் தெரியும். நீ விட்டால் அடுத்த போட்காரர் பிடிப்பார், அதுவும் தெரியும். அதனால் தனியாக நீ செய்ய முடிந்த காரியம் இல்லை இது, ஊர்க் கட்டுப்பாடாகத்தான் வர வேண்டும். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது. முகத்துவாரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. சுருக்குமடி வலைப் பேச்சை இதோடு சேர்க்காதே, அதை எடுத்தால் கூட்டம் அங்கேயே இரண்டாகும்.

கூட்டத்தில் இரண்டு விஷயம் மட்டும் கேள். முகத்துவாரம் திறந்து பெரிய மீன் கடலுக்கு இறங்கும் நாட்களில் வாய்க்குக் குறுக்கே முழுதாக வலை கட்டுவதில்லை, பாதி வழியாவது திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. கழிக்குள் சின்னக் கண்ணி வலையில் கொடுவாக் குஞ்சு வந்தால் கூடையில் போடாமல் உயிரோடு திரும்ப விடுவது மற்றொன்று. இரண்டாவதற்கு மீன் விற்கும் பெண்கள் ஒத்துக்கொள்வார்கள். பொடிக் கொடுவாவுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்காக ஒரு வேலையும் செய். கொடுவா கிடைக்கும்போது முதுகுத் துடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் நாலைந்து செதில் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, காகித உறையில் போடு. பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒரு மீனுக்கு ஓர் உறை. மேலே தேதி, இடம், எடை, சினை இருந்ததா இல்லையா என்று பென்சிலால் எழுதச் சொல், மருமகள் எழுதட்டும். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். விற்ற மீனுக்கும் செதில் எடுக்கலாம், விலை குறையாது. டாஸ்மனில் ஐம்பது வருடம் கழித்துப் பேசிய செதில்கள் அப்படி வைத்தவைதான். நம் கழிமுகத்துக் கொடுவாவுக்கு யாரும் அப்படிச் சேர்த்து வைத்ததை நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கு வரும்போது உறைகளை வாங்கிக்கொண்டு, பரிசோதிக்கும் வசதி உள்ளவர்களிடம் நானே கொண்டுபோய்க் கேட்கிறேன்.

உறை நிறைய வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்துப் பழைய விடைத்தாளில் மடித்து ஒரு கட்டு வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு திண்டிவனம் போகிற பெரியப்பா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் போன் செய். அம்மாவுக்கு மாத்திரை தீர்வதற்குள் வாங்கி வை.

அன்புடன்,
அக்கா