ஹவுராவின் கறுப்பு வெள்ளை

ஹவுராவில் எடுத்த படம் என்றாலே கறுப்பு வெள்ளையாக்கிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 1943இல் திறந்த பாலம், புகை, பாரம் சுமக்கும் முதுகு. வண்ணத்தை எடுத்துவிட்டால் படம் தானே ஆழமாகிவிடும் என்று நம்புகிறார்கள். டிஜிட்டலில் அப்படி எடுத்துவிட முடியாது. சென்சாருக்கு வண்ணம் தெரியாது, விழுந்த வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். அதன் புள்ளிகளில் பாதியின் மேல் பச்சை வடிகட்டி, காலின் மேல் சிவப்பு, மீதிக் காலின் மேல் நீலம். இந்த மூன்றையும் எந்த விகிதத்தில் கலந்து சாம்பல் நிறமாக்குவது என்பதை யாராவது முடிவுசெய்தாக வேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் மென்பொருள் செய்துவிடும். பரவலாகப் புழங்கும் ஒரு கணக்கு பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11.

பாலத்தின் கொல்கத்தா முனையில், மல்லிக் காட் பூச்சந்தையில் இந்தக் கணக்கு பல்லிளிக்கிறது. காளிக்குச் சாத்தும் செம்பருத்தி மாலையும் அதன் அடியில் விரித்த இலையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடுகின்றன. சிவப்பை ஏற்றினால் செம்பருத்தி மல்லிகை போல வெளுக்கிறது, இறக்கினால் கருகுகிறது. இந்தியாவை வண்ணத்தில்தான் பார்க்க வேண்டும் என்று கடைசிவரை வாதிட்ட புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங்குக்கு இந்தச் சந்தையில் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பெலிலியஸ் சாலைப் பக்கத்துப் பவுண்டரிகளில் கதை வேறு. கோவைக்காரர்களுக்கு இந்த வார்ப்பு வேலை புதிதல்ல. நிலக்கரித் தூள் கலந்த கறுத்த மணலைப் பெட்டியில் இடித்து இறுக்கி, மாதிரியை அலுங்காமல் உருவி, உதிர்ந்த விளிம்பைக் கரண்டியால் தடவிச் சரிசெய்கிறார் மோல்டர். அங்கே பார்க்க வேண்டியது மணலின் பதமும் விரலின் அழுத்தமும்தான், வண்ணம் கண்ணைத் திருப்புகிறது. கறுப்பு வெள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆனால் 1,300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பை ஊற்றும்போது, அது எந்த அளவு சூடு என்பதை அனுபவசாலி நிறத்தைப் பார்த்தே கணிக்கிறார். அவருடைய அறிவையே அழித்துவிட்டு எடுக்கும் படம் அழகாக இருக்கலாம், அவர் தொழிலைச் சொல்லாது. ஊற்றும் காட்சியை நான் வண்ணத்திலேயே விடுவேன்.

கறுப்பு வெள்ளை உழைப்பின் துயரத்தை அலங்காரமாக்குகிறது என்பார்கள். பாதி உண்மை. நியூயார்க்கின் சாக்கடை மூடிகளை வார்க்கும் ஹவுராத் தொழிலாளர்கள் வெறுங்காலோடு வேலை செய்வதை 2007இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. அந்த வெறுங்கால், மென்பொருளின் கணக்கில் கறுத்த மணலோடு கலந்து மறைந்துவிடும். தோலில் சிவப்பு கூடுதல். மாற்றும்போது சிவப்பைச் சற்று ஏற்றினால் பாதமும் விரல்களும் மணலிலிருந்து பிரிந்து தெரிகின்றன. குற்றம் கறுப்பு வெள்ளையுடையதல்ல, யோசிக்காமல் மாற்றியவருடையது.

அப்படியானால் 2012இல் லைக்கா கொண்டுவந்ததுபோல் வண்ண வடிகட்டியே இல்லாத கேமரா போதாதா? கூர்மை கூடும், மங்கிய கொட்டகையில் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பிலிம் காலத்தைப்போல லென்ஸின் முன் கண்ணாடி வடிகட்டி மாட்டி அந்த இடத்திலேயே தீர்மானிக்க வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை. பூச்சந்தையும் பவுண்டரியும் ஒரே நாளில் பார்க்கிற ஊருக்கு அது தோதுப்படாது. சாதாரணக் கேமராவே போதும். திரையில் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள், வண்ணத் தகவலை அழிக்காத ‘ரா’ கோப்பாகப் பதியுங்கள். வெறும் ஜேபெக்கில் கறுப்பு வெள்ளையாகப் பதிந்துவிட்டால் அந்தச் சிவப்பு திரும்பக் கிடைக்காது.