தந்தையாரின் பழைய வண்டி

நாகர்கோவிலிலிருந்து சாலைச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிவந்த எங்கள் தந்தையாரின் ஜீப் பிக்கப், கரமனை வீட்டு முற்றத்தில் நிற்கின்றது. முழங்கால் தளர்ந்தமையால் அவருக்குக் கிளச்சை மிதிக்க இயலவில்லை. ஓவர்டிரைவுடன் கூடிய ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸைப் பொருத்தினால் கிளச்சு மிதி வேண்டா. உச்சக் கியரில் எஞ்சினைவிடச் சக்கரத்துக்குச் செல்லும் தண்டு விரைந்து சுழல்வதால் இரைச்சலும் குறையும் என எண்ணினோம். தண்டை வெட்டிக் குறுக்க வேண்டும், கியர் எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக்குழாயும் வேண்டும் என்றார் மெக்கானிக். ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்குச் செலவு மட்டும் விளங்கிற்று!

ஆயின், கேரள வழக்கொன்றில் 2019-இல் உச்சநீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது எனத் தீர்ப்பளித்திருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னோம்.

“போகட்டும், மக்களே! நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் செல்கின்றோம். நாங்கள் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது பாதம் வெறுந்தளத்தை அழுத்துகின்றது.